பதினேழில் மீதி இல்லை

அந்தப் பட்டறைக்கு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் பாதிக் கடைகளுக்குப் பெயர் வெட்டிக் கொடுக்கிற இடத்துக்கே பெயர் இல்லையா என்று யாராவது கேட்டால், "ஊருக்கு வெட்டவே நேரம் போதல, நமக்கு எங்க வெட்டறது?" என்பாள் அதை நடத்துகிறவள். அவளை எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாரத்தில் ஏறிவிட்டால் அவளுடைய இரண்டு கைகளும் சுவரில் இருக்கும். திருகாணிகள் உதட்டில் வரிசை கட்டி நிற்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் புருவத்தாலேயே சொல்லிவிடுவாள்.

வாய்விட்டுப் பேசுவதற்கு வேறு ஆள் இருந்தாள். அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. தகடு வெட்டும் இயந்திரம் அவள் பொறுப்பு. அவளுக்கு ரம்பம் என்று பெயர். இயந்திரத்தை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு வேறொரு காரணம் தோன்றும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கல்லூரியில் கணக்குத் துறையின் தலைவி. புதிதாகக் கட்டிய துறைக் கட்டடத்தின் முன்சுவரில் ஒரு வரி வைக்க வேண்டும் என்றார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் நீவி வைத்தார். அதில் எழுத்தே இல்லை.

357686312646216567629137

ரம்பம் எட்டிப் பார்த்தாள். "இது யாரோட போன் நம்பர் மேடம்? இவ்வளவு நீளமா இருக்கு. போட்டு முடிக்கறதுக்குள்ள சார்ஜ் தீந்துடும் போலயே."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபத்தி நாலு இலக்கம். இது ஒரு பகா எண். பகா எண்ணுன்னா தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. நான் அன்னிக்கு வரல," என்றாள் ரம்பம்.

பேராசிரியை மேசையைப் பார்த்தார். திருகாணி டப்பா திறந்திருந்தது. எண்ணி முப்பத்தாறு திருகாணிகளை எடுத்து, ஆறு ஆறாக ஆறு வரிசை அடுக்கினார். கலைத்தார். நான்கு வரிசையில் ஒன்பது ஒன்பதாக வைத்தார். மறுபடியும் கலைத்து மூன்று வரிசை. எப்படி வைத்தாலும் மூலை மடங்காமல் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ உட்கார்ந்தது. பிறகு டப்பாவிலிருந்து இன்னும் ஒன்றே ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இப்ப முப்பத்தேழு. நீங்க அடுக்குங்க பாக்கலாம்."

ஆணியக்கா அடுக்கினாள். இரண்டிரண்டாக வைத்தால் ஒன்று மிச்சம். மும்மூன்றாக வைத்தாலும் ஒன்று மிச்சம். ஐந்தைந்தாக வைத்தால் இரண்டு. ஆறாறாக வைத்தால் மறுபடியும் அந்த ஒற்றைத் திருகாணி தனியாக நின்றது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரே வரிசையா நீட்டித்தான் வைக்கணும். வேற வழியே இல்ல."

"அதான் பகா எண். முப்பத்தேழு குட்டி. இந்தத் தாள்ல இருக்கறது ராட்சசன். அத்தனை திருகாணி இருந்தாலும் மிச்சமில்லாம வரிசை கட்ட முடியாது."

பேராசிரியை கிளம்பும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். "ஒரு இலக்கம் மாறினாலும் அது வேற எண் ஆயிடும். வேற எண் ஆச்சுன்னா அது பகா எண்ணா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. தயவுசெஞ்சு சரிபார்த்து வைங்க. இதுக்கு இன்னொரு விசேஷ குணமும் இருக்கு. அதை இப்ப சொல்லமாட்டேன். திறப்பு விழாவுல சொல்றேன்."

விழாவுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

வேலை நன்றாகவே நடந்தது. எண் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உயரம், துருப்பிடிக்காத எஃகு. ரம்பம் தாளை இயந்திரத்தின் மேல் ஒட்டிவைத்துக்கொண்டு எண்ணினாள். "அண்ணி, ஆறு மட்டும் ஏழு இருக்கு. ஒன்பது ஒண்ணு. ஒன்பதுங்கறது தலைகீழா நிக்கற ஆறுதானே? அந்த எட்டுத் தகட்டையும் ஒரே அச்சுல வெட்டிடறேன்." திருகாணி ஓட்டைகளையும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஒரே மாதிரி போட்டாள். எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும். ஆணியக்காவுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஒவ்வொரு எண்ணின் முதுகிலும் அதன் இடத்தைச் சாக்பீஸால் எழுதி, துணியில் சுற்றி வைத்தார்கள்.

விழா திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பொருத்தப் போனார்கள். முதல் நாளே சுவரை அளந்து, நூல் பிடித்து, இருபத்து நான்கு இடத்திலும் குறி போட்டாகிவிட்டது. வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன சக்கரம் வைத்த சாரம் சுவரின் வலது ஓரத்தில் நின்றது. அதை இடது கோடிவரை தள்ளுவானேன், இங்கிருந்தே தொடங்கலாம் என்று ஆணியக்கா கடைசி ஏழை முதலில் மாட்டினாள். பிறகு மூன்று. பிறகு ஒன்று. கல்தூசி பறக்காமலிருக்க, சாரத்தின் இடது பக்கம் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான்காவது எண்ணைக் கையில் வாங்கும் நேரத்தில் கட்டட மேற்பார்வையாளர் வந்தார். பெரிய சாவிக்கொத்தும், அதைவிடப் பெரிய மீசையுமாக இருப்பார்.

"ஏம்மா, என்ன நம்பர் இது? கட்டடத்துக்கு டோர் நம்பரா?"

ரம்பம் விடுவாளா? கீழே நின்றபடியே பகா எண் என்றால் என்ன, முப்பத்தாறு எப்படி வரிசையில் அடங்கும், முப்பத்தேழு ஏன் அடங்காது என்று, பத்து நாளைக்கு முன்பு தான் கற்றதை, பிறந்ததிலிருந்து தெரிந்ததுபோல் விளக்கிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக அடுத்த எண்ணைத் துணியிலிருந்து உருவி மேலே நீட்டினாள். உருவும்போது முதுகிலிருந்த சாக்பீஸ் துணியோடு போய்விட்டது. ஆணியக்கா உதட்டில் திருகாணியோடு அதை வாங்கி மாட்டினாள்.

மதியம் சாப்பிடப் போகும்போது பதினைந்து எண்கள் ஏறியிருந்தன. திரும்பி வந்து தார்ப்பாய்க்குப் பின்னாலேயே மறுபடியும் தொடங்கினார்கள். இருபத்தோராவது எண்ணை முறுக்கிவிட்டு, சாரத்தை நகர்த்துவதற்காகத் தார்ப்பாயை விலக்கினாள் ஆணியக்கா. உதட்டிலிருந்த திருகாணிகள் அத்தனையும் உதிர்ந்தன.

அடுத்த எண்ணுக்குக் குறி போட்ட இடத்தில், கூரையிலிருந்து தரைவரைக்கும், முழங்கால் பருமனில் ஒரு மழைநீர்க் குழாய் இறங்கியிருந்தது. அதைப் பிடித்திருந்த சிமெண்டு இன்னும் காயவில்லை.

"நீங்க சாப்பிடப் போனப்ப ஆளுங்க வந்தாங்க," என்றார் மேற்பார்வையாளர். "எனக்கு ஒரு வாரமா போக்கு காட்டிட்டு இருந்தானுங்க. கையில சிக்கினப்பவே மாட்ட வெச்சுட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? இன்னும் மூணு எண் பாக்கி இருக்கு சார்!" என்றாள் ரம்பம்.

"விடும்மா. இருபத்தி ஒண்ணு இருக்குல்ல? வர்றவன் நின்னு எண்ணிட்டு இருக்கப் போறானா?"

ஆணியக்கா சாரத்திலிருந்து இறங்கிக் குழாயைத் தட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகச் சுவரில் எழுத்து மாட்டுகிறாள். இடம் போதவில்லை என்று ஒரு வேலையிலும் அவள் நின்றதில்லை. வழக்கமாக வேலை முடிந்ததும் எதிரில் போய் நின்று, ரம்பம் தாளைப் படிக்க அவள் சுவரைப் படித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. மேற்பார்வையாளர் வேறு, "பிற்பாடு பேச்சு வரும், என்கிட்ட ஆதாரம் இருக்கட்டும்," என்று ரம்பத்தின் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆணியக்கா சுவரை ஒரு போட்டோ எடுத்துப் பேராசிரியைக்கு அனுப்பிவிட்டு, அவரைக் கூப்பிட்டாள். அவர் ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்தார்.

"மேடம், தப்பாயிடுச்சு. மூணு எண் வைக்க இடமில்ல. குழாய் வந்துடுச்சு."

"எந்த மூணு?"

"முன்னாடி இருக்கறது. மூணு, அஞ்சு, ஏழு. நான் வலது பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன், அதனால..."

"வலதுலேர்ந்தா? யாராவது வலதுலேர்ந்து ஆரம்பிப்பாங்களா?"

"சாரம் அங்கதான் நின்னுச்சு மேடம்," என்றாள் ஆணியக்கா.

அப்போதுதான் எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. மூச்சு வாங்கி, இருமி, யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுப்பதுவரை கேட்டது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் பேராசிரியை. "உங்க சாரம் நல்ல இடத்துல நின்னிருக்கு. நான் ஒரு விசேஷ குணம் இருக்குன்னு சொன்னேனே, அது இதுதான். இந்த எண்ணோட இடது பக்கத்துலேர்ந்து ஒரு இலக்கத்தை எடுத்துடுங்க. மிச்சம் இருக்கறதும் பகா எண். இன்னொண்ணு எடுங்க. அப்பவும் பகா எண். எடுத்துக்கிட்டே போங்க, கடைசியில ஏழு மட்டும் நிக்கற வரைக்கும் அது பகா எண்ணாவே இருக்கும். பூஜ்யம் இல்லாம இந்தக் குணத்தோட இருக்கற எண்கள்லயே இதுதான் பெரிசு."

"அப்ப இப்ப சுவத்துல இருக்கறது?"

"அதுவும் பகா எண்தான்! நீங்க இடதுலேர்ந்து ஆரம்பிச்சு, கடைசி மூணு இலக்கத்தை விட்டிருந்தீங்கன்னா..." பென்சில் கீறும் சத்தம் கேட்டது. "இருங்க... ஏழால மீதியில்லாம போயிருக்கும். பதினொண்ணாலயும் போயிருக்கும். மானம் போயிருக்கும்."

ஆணியக்கா போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மேற்பார்வையாளர், "நான்தான் சொன்னேனே, விடுன்னு," என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். ரம்பம் மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணி, அழற குழந்தைக்கு மிட்டாய் குடுத்த மாதிரி இருக்கு எனக்கு. எவ்வளவு வெட்டினாலும் கெடாதுன்னா அதென்ன எண்ணா, முறுக்குக் கம்பியா? நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

அந்தப் பேச்சு ஆணியக்காவின் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க வேறு வேலையில் கையிருந்தாலும் நினைப்பு அங்கேயே இருந்தது. சாயங்காலம் பேராசிரியையை மறுபடியும் கூப்பிட்டு, "நானே சரிபார்க்க முடியுமா மேடம்?" என்று கேட்டாள்.

இப்போது பேராசிரியை சிரிக்கவில்லை. "பெரிசுகளுக்குக் கம்ப்யூட்டர் வேணும். நாலு இலக்கம் வரைக்கும் நீங்களே பாக்கலாம். கால்குலேட்டர் போதும். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணுன்னு பகா எண்களால மட்டும் வகுத்துப் பாருங்க. எல்லாத்தாலயும் வகுக்க வேண்டாம். வகுக்கற எண்ணை அதாலயே பெருக்கினா உங்க எண்ணைத் தாண்டிடுச்சுன்னா அங்க நிறுத்திடலாம்."

ஆணியக்கா கொஞ்சம் யோசித்தாள். "நீள்சதுரமா அடுக்கினா எப்படியும் ஒரு பக்கம் சின்னதா இருக்கும். அந்தச் சின்னப் பக்கத்தைத் தேடினா போதும். அப்படித்தானே?"

"அப்படியேதான்," என்றார் பேராசிரியை. "என் வகுப்புல இதைப் புரிய வைக்க ரெண்டு நாள் ஆகும்."

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. மதியச் சாப்பாட்டைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டு, இரண்டு பேரும் பட்டறை மேசையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் பரீட்சை எழுதறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

தாள் மேற்பார்வையாளரிடம் இருந்தது. அதனால் ஆணியக்கா தன் போனிலிருந்த போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டாள். கடைசி இலக்கம் ஏழு. அதில் பார்க்க ஒன்றுமில்லை. முப்பத்தேழைத் திருகாணி வைத்தே பார்த்தாயிற்று. நூற்றுமுப்பத்தேழுக்குப் பதினொன்று வரைக்கும் வகுத்தால் போதும். ஐந்து தடவை வகுத்தாள் ரம்பம், ஐந்து தடவையும் புள்ளிக்கப்புறம் வால் நீண்டது.

"சரி, மேடம் சொன்னது இதுவரைக்கும் நிஜம்தான்," என்று ரம்பம் பெரிய மனசோடு ஒப்புக்கொண்டாள். "அடுத்தது?"

ஆணியக்கா போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தாள். "ஆறு ஒண்ணு மூணு ஏழு. ஆறாயிரத்து நூத்தி முப்பத்தேழு."

இரண்டு, இல்லை. மூன்று, இல்லை. ஐந்து, இல்லவே இல்லை. ஏழில் வால். பதினொன்றில் வால். பதின்மூன்றில் வால். ரம்பம் பதினேழைப் போட்டுத் தட்டினாள்.

361.

புள்ளி இல்லை. வால் இல்லை.

இரண்டு பேரும் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரம்பம் அதை அணைத்து, திறந்து, மறுபடியும் போட்டாள். 361. நம்பிக்கையில்லாமல் ஒரு அட்டைத் துண்டில் முந்நூற்று அறுபத்தொன்றைப் பதினேழால் பெருக்கினாள். ஆறாயிரத்து நூற்றுமுப்பத்தேழு அச்சாக வந்து நின்றது.

"நான் சொன்னேன்ல அண்ணி? மிட்டாய்!"

ஆணியக்காவுக்குக் கோபம் வரவில்லை. சங்கடமாக இருந்தது. தன் மனசு நோகக் கூடாது என்று ஒரு பெரிய படிப்புப் படித்த அம்மாள் பொய் சொன்னாரே, நாளைக்கு அத்தனை பேருக்கு முன்னால் அவருக்கல்லவா தலைகுனிவு என்று தோன்றியது. போனை எடுத்தாள்.

"மேடம், நான் தப்பா எடுத்துக்கலை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னீங்க, புரியுது. ஆனா நாளைக்கு மேடையில அப்படிச் சொல்லிடாதீங்க. நாங்க வகுத்துப் பார்த்தோம். நாலாவது இலக்கத்துலேயே உடைஞ்சுடுது. பதினேழால போகுது மேடம். மீதியே இல்ல."

"என்னது? எந்த எண்ணு?"

"ஆறாயிரத்து நூத்தி முப்பத்தேழு."

"ஆறாயிரமா? ஒன்பதாயிரத்து நூத்தி முப்பத்தேழுல்ல?"

இந்தப் பக்கம் ஆணியக்கா போட்டோவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பேராசிரியையும் தன் போனில் அதையேதான் திறந்திருக்க வேண்டும்.

"ஐயோ," என்றாள் ஆணியக்கா. "ஒன்பதை ஆறா மாட்டியிருக்கேன்."

"ஐயையோ," என்றார் பேராசிரியை. "இந்தப் போட்டோவை நான் எங்க துறையில பதினெட்டு பேருக்கு அனுப்பியிருக்கேன். பதினெட்டு பேரும் 'அருமை, அருமை'ன்னு பதில் போட்டிருக்காங்க. ஒருத்தர் கண்ணுலயும் படல. என் கண்ணுலயும் படல!"

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"மன்னிப்பா? நீங்க மட்டும் என் பேச்சை அப்படியே நம்பியிருந்தீங்கன்னா நாளைக்கு நான் மேடையில நின்னு, தப்பான எண்ணைக் காட்டி, இது உலக அதிசயம்னு சொல்லியிருப்பேன். இப்ப கிளம்புங்க. ஏணி இருக்கில்ல?"

ரம்பத்தின் முகம் சுருங்கிப் போயிருந்தது. "நான்தான் அண்ணி, வாயைக் குடுத்துக்கிட்டே எடுத்து நீட்டினேன். சாக்பீஸைப் பார்க்கவே இல்ல."

"மாட்டினது என் கைதானே? ஏணியை எடு."

வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனார்கள். வெளிக்கதவு பூட்டியிருந்தது. மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு வரவழைத்தார்கள். பாதித் தூக்கத்தில் எழுந்து, ஒரு காலுக்கு ஒரு செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார் மனிதர்.

"என்னம்மா, குழாய் கழண்டுடுச்சா?"

"குழாய் நல்லா இருக்கு சார். ஒன்பதுதான் தலைகீழா நிக்குது."

அவர் சட்டைப்பையைத் தடவினார். இரண்டு நாளாக அங்கேயே மடிந்து கிடந்த தாளை வெளியே எடுத்து, சுவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாம்! என் தாள்ல சரியாத்தானே இருக்கு!" என்றார், அந்தத் தாளை எழுதியதே தான் என்பதுபோல.

நான்கு திருகாணிகளைக் கழற்றி, எண்ணைத் திருப்பி, நான்கையும் முறுக்க ஆணியக்காவுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓட்டைகள் கச்சிதமாகப் பொருந்தின. அதுதானே முதலில் தப்பு நடக்கவும் இடம் கொடுத்தது. கீழே இறங்கி, எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்று, இந்த முறை மேற்பார்வையாளர் தாளைப் படிக்க அவள் சுவரைப் படித்தாள். இருபத்தொன்றும் சரி.

"முடிஞ்சுதா? போலாமா?" என்றார் அவர்.

"இருங்க சார்," என்றாள் ஆணியக்கா. படிக்கட்டில் உட்கார்ந்து கால்குலேட்டரை எடுத்தாள். "ஒன்பதாயிரத்து நூத்தி முப்பத்தேழை வகுத்துப் பார்த்துட்டுப் போறேன். தொண்ணூத்தஞ்சு வரைக்கும் போகணும்."

மேற்பார்வையாளர் முதலில் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். பதினேழு தாண்டியதும் கொஞ்சம் குனிந்தார். இருபத்து மூன்றில் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். இருபத்தொன்பதைப் போட்டபோது முந்நூற்றுப் பதினைந்து புள்ளி பூஜ்யம் ஆறு என்று வந்தது, அவர் தொடையில் தட்டிக்கொண்டு, "அட, மயிரிழையில தப்பிச்சுடுச்சே!" என்றார்.

"நெருங்கி வர்றதெல்லாம் கணக்குல சேராது சார்," என்றாள் ரம்பம். அவளுக்கு உயிர் திரும்பியிருந்தது. "மீதி இருக்கா, இல்லையா? அவ்வளவுதான்."

அறுபத்தொன்றுக்கு மேல் கால்குலேட்டரைத் தானே வாங்கி அவர் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் மீசை துடித்தது. எண்பத்து மூன்றில் நூற்றுப்பத்து புள்ளி பூஜ்யம் எட்டு. எண்பத்தொன்பதில் நீளமாக ஒரு வால். அதற்கு மேல் தொண்ணூற்றைந்துக்குள் பகா எண் எதுவும் இல்லை. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்து, ஏதோ சொந்தக்காரப் பையன் பரீட்சையில் தேறிவிட்டதுபோல, "தாக்குப்பிடிச்சுட்டான்யா!" என்றார்.

திங்கட்கிழமை காலையில் முற்றம் நிறைய நாற்காலி போட்டிருந்தார்கள். ஆணியக்கா கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் மறைந்தாற்போல் உட்கார்ந்தாள். ரம்பம் இஸ்திரி போட்ட உடையில் முன்வரிசைக்கே போய்விட்டாள்.

பேராசிரியை மேடையில் ஏறி அதிக நேரம் பேசவில்லை. மேற்பார்வையாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் மழைநீர்க் குழாயில் ஒரு முனை கட்டிய நீளத் தார்ப்பாயைப் பின்னால் விரித்தபடி, சாரத்தைச் சுவரின் இடது ஓரத்திலிருந்து மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். முதல் எண் மறைந்தது. "இப்பவும் பகா எண்!" என்றார் பேராசிரியை. இரண்டாவது எண் மறைந்தது. "இப்பவும்!" நான்காவதில் கூட்டமே சேர்ந்து கத்தத் தொடங்கியது. பத்தாவதைத் தாண்டும்போது மேற்பார்வையாளர் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, எல்லோரையும் காக்க வைத்து உருட்டினார். நான்கு எண்கள் மட்டும் மிஞ்சியபோது பேராசிரியை கையை உயர்த்தி அவரை நிற்கச் சொன்னார்.

"ஒன்பதாயிரத்து நூத்தி முப்பத்தேழு. நேத்து மதியம் வரைக்கும் இந்த இடத்துல ஆறு இருந்தது. எங்க துறையில பதினெட்டு பேரும் பாத்தோம், பாராட்டினோம். ஒருத்தருக்கும் தெரியல. இந்தச் சுவத்துல எண் மாட்டினவங்க ரெண்டு பேர், நான் சொன்னதை நம்பாம, ஞாயித்துக்கிழமை உக்காந்து வகுத்துப் பாத்தாங்க. பதினேழால போகுதுன்னு எனக்குப் போன் பண்ணினாங்க. நான் இத்தனை வருஷமா வகுப்புல கெஞ்சிட்டு இருக்கறது இதுக்குத்தான். நான் சொல்றேன்னு நம்பாதீங்க, வகுத்துப் பாருங்க."

பதினெட்டு பேரில் சிலர் தரையைப் பார்த்தார்கள், பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் ரம்பம் எழுந்து திரும்பி, தூண் பக்கம் கையைக் காட்டி, "அண்ணி, அங்க ஏன் ஒளிஞ்சிருக்கீங்க? எழுந்து நில்லுங்க!" என்று சத்தம் போட்டாள். ஆணியக்கா எழுந்தாள். கை தட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் சேர்ந்து கை தட்டினாள். காது மடல்வரை சிவந்து போனாலும், உட்காரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சாரம் கடைசி ஏழுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை நின்றபடியேதான் பார்த்தாள்.

விழா முடிந்ததும் மேற்பார்வையாளர் பேராசிரியையிடம் போய், குழாயைத் தானே கழற்றிப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். "ராட்சசன்னு சொல்லிட்டு மூணு பல்லு இல்லாம நிக்க வைக்கறது நல்லா இல்ல மேடம்," என்றார். சொன்னபடியே அடுத்த வாரம் மாற்றியும் கொடுத்தார். மூன்றும் ஐந்தும் ஏழும் ஏறின. இந்த முறை ஆணியக்கா ஒவ்வொன்றையும் மாட்டும் முன்பு அதன் முதுகைத் தானே திருப்பிப் பார்த்தாள். இருபத்து நான்கும் நின்ற பிறகு, இடது ஓரத்தில் ஓர் எண் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

"அங்க ஒண்ணு வெட்டி மாட்டிடலாமா மேடம்?" என்று கேட்டாள் ரம்பம். "இன்னும் பெரிசா ஆயிடும்ல?"

"ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எதை வெச்சாலும் உடைஞ்சுடும். எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சு. இதோட இது முடிஞ்சுது."

ரம்பம் ஆணியக்காவைப் பார்த்தாள். ஆணியக்கா பேராசிரியையைப் பார்த்தாள். "யாரு போட்டுப் பாத்தாங்க மேடம்?"

பேராசிரியை சிரித்துக்கொண்டே, "வியாழக்கிழமை சாயங்காலம் துறைக்கு வாங்க. கம்ப்யூட்டர்ல ஒன்பதையும் நீங்களே போட்டுப் பாருங்க," என்றார். ஆணியக்கா வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கினாள்.

அன்றைக்கே அவர்களுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஒரு பல் மருத்துவமனைக்குப் பெயர் மாட்ட வேண்டும். வண்டி கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஆணியக்கா அதை நிறுத்தினாள்.

"'பல்'லுக்குப் புள்ளி எடுத்து வெச்சியா?"

ரம்பம் பின்னால் எட்டி, துணி மூட்டையைப் பிரித்துத் தேடினாள். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"அண்ணி, வண்டியைத் திருப்புங்க. இப்படியே போனா 'பல மருத்துவமனை'ன்னுதான் மாட்டணும்."